அறுபத்துநான்கு நிறங்களும் ஒரு நாத்தனாரும்

“என்னைச் சீண்டிட்டு நிம்மதியாத் தூங்கின ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க பாக்கலாம். காட்ட முடியாது. ஏன்னா அப்படி ஒரு பிறவி கிடையாது. இனிமேலும் கிடையாது.”

தட்டக்கா இந்தப் பிரகடனத்தைச் செய்தது அலுவலகத்துக் காப்பி இயந்திரத்தின் முன்னால் நின்று. கையில் காகிதக் கோப்பை. சபையில் இருந்தவர் ஒரே ஒருவர், மாதிரித் தாள் வாங்கிப்போக வந்திருந்த அச்சகத்துக்காரர். மனிதர் மிரண்டுபோய்ச் சர்க்கரை போடாமலேயே காப்பியைக் குடித்து முடித்தார்.

இது வெறும் வாய்ச்சவடால் என்று நினைப்பவர்கள் அக்காவின் சரித்திரம் தெரியாதவர்கள். எட்டு வயதில், தன் நீலப் பென்சிலை முறித்த பக்கத்து பெஞ்சுக்காரியின் பன்னிரண்டு பென்சில்களையும் ஒரே இடைவேளைக்குள் சுண்டுவிரல் நீளத்துக்குச் சீவி வைத்தவள் அவள். கல்யாணமான புதிதில் “உனக்கு வழி தெரியாது” என்று சொன்ன கணவரை, பேருந்து மாற்றிப் பேருந்து ஏற்றி, பத்து நிமிடத் தூரத்தை மூன்று மணி நேரத்தில் கடக்க வைத்தவள். அந்த நல்ல மனிதர் அன்றைக்குப் பிறகு யாருக்கும் வழி சொல்வதில்லை.

வேலைக்கு வந்த பிறகுதான் அந்தக் கலை தொழில்முறைத் தேர்ச்சி அடைந்தது. வேலை என்னவென்றால், பெட்டி, உறை, டப்பா, லேபிள் என்று கடையில் அடுக்கப்படும் எல்லாவற்றுக்கும் சட்டை தைத்துக் கொடுக்கும் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் நிறங்களைப் பராமரிப்பது. மூன்றாவது மாடி. பதினான்கு பேர், பதினான்கு திரைகள், ஒரே ஒரு ஜன்னல். ஆளாளுக்குத் தோன்றிய சிவப்பைப் போட்டால் ஒரே பிஸ்கட் இந்த மாதம் ஒரு சிவப்பிலும் அடுத்த மாதம் இன்னொரு சிவப்பிலும் வந்து நிற்கும். ஆகவே நிறங்களை எல்லாம் பொறுக்கி, பெயர் வைத்து, ஒரு தொகுப்பாகக் கட்டி, மென்பொருளின் பொது நூலகத்தில் வெளியிட்டு வைப்பார்கள். அதற்கு வண்ணத்தட்டு என்று பெயர். யார் எந்த வேலை செய்தாலும் நிறத்தை அந்தத் தட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுத்த நிறம் தட்டோடு தொப்புள்கொடி அறாமல் இருக்கும். தட்டில் ஒரு பச்சையைக் கொஞ்சம் கருக்கி மறுபடி வெளியிட்டால், அந்தப் பச்சை இருக்கிற அத்தனை கோப்புகளிலும் அது கறுக்கும். இப்படிப்பட்ட அதிகாரத்தைப் பழைய காலத்தில் சக்கரவர்த்திகளுக்குக்கூடக் கொடுத்ததில்லை. தட்டக்காவுக்குக் கொடுத்திருந்தார்கள்; அந்தப் பெயரே அந்தத் தட்டால் வந்ததுதான்.

அவளும் அதைக் கண்ணியமாகவே பயன்படுத்தினாள். “நீங்க என்ன பெருசா பண்றீங்க, கட்டத்துக்குள்ள சாயம் அடுக்குறீங்க” என்று ஒருநாள் சொன்ன விற்பனை மேலாளருக்குப் பிடித்த நிறம் ஒரு மங்கிய ரோஜா. மறுநாளே அதை அவள் தட்டின் கடைசி வரிசைக்குக் கீழே, ஐந்து சாம்பல்களுக்கு அப்பால் குடியேற்றினாள். மனிதர் மூன்று வருடம் ஒவ்வொரு தடவையும் திரையை உருட்டி உருட்டித் தேடி, கடைசியில் நீலத்துக்கு மாறிவிட்டார். பழி தீர்ந்தது என்று அக்கா ரோஜாவை மேலே கொண்டுவந்து வைத்தாள். நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

தட்டில் மொத்தம் அறுபத்துநான்கு நிறங்கள். பதினோரு வருட உழைப்பு. ஒவ்வொன்றையும் தாளில், தகரத்தில், மினுமினுப்பு உறையில் அச்சடித்துப் பார்த்து, வெயிலில் வைத்துப் பார்த்து, திருத்தித் திருத்தி நிறுத்தியவை. பெயர்களும் அவள் வைத்ததுதான். ‘ஆறின டீ.’ ‘மழைக்கு முந்தின சாம்பல்.’ ‘பழைய சைக்கிள் சீட்.’ ஊதாவும் கறுப்பும் கலந்த ஒன்றுக்கு ‘பல்வலி.’ அச்சகத்தில் மை கலக்கிறவர்கள்கூட, “அக்கா, இந்தப் பல்வலி கொஞ்சம் தூக்கலா இருக்கே” என்றுதான் தொலைபேசியில் கேட்பார்கள்.

அந்தப் பல்வலி நிஜமாகவே வந்ததுதான் வினை. கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. கன்னம் வீங்கி வாயைத் திறக்க முடியாமல் ஒரு வாரம் அக்கா விடுப்பில் இருந்தாள். அதே வாரத்தில் நிறுவனம் மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறியது. பழைய நூலகத்தில் இருந்த தட்டை எடுத்துப் புதிய நூலகத்தில் யாராவது ஏற்ற வேண்டும். ஏற்றியவள் நாத்தனார்.

நாத்தனார் என்றால் கணவரின் கூடப்பிறந்த தங்கையேதான். நாற்பதைத் தாண்டியவள். ஆறு வருடத்துக்கு முன்னால், “வீட்ல சும்மாதானே இருக்கா, கெட்டிக்காரி” என்று முதலாளியிடம் சொல்லி, அதே மூன்றாவது மாடியில் நாற்காலி போட்டுக் கொடுத்தது தட்டக்கா. மனிதர்கள் தங்களுக்கே எப்படிப் பழி வாங்கிக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

யார் ஏற்றுகிறாரோ அவர் பெயரை மென்பொருள் தானாகவே தட்டின் தலையில் எழுதிவிடும். ‘வெளியிட்டவர்’ என்ற இடத்தில் நாத்தனார் பெயர் வந்து உட்கார்ந்தது. அதுவரை குற்றமில்லை. அக்கா கன்னம் வற்றித் திரும்பி வந்த திங்கட்கிழமை, கூட்டத்தில் முதலாளி சுவரில் தட்டை விரித்துக் காட்டி, “அடடா, என்ன ஒழுங்கு! யாரும்மா இதைப் பண்ணினது?” என்று கேட்டார். நாத்தனார் எழுந்து நின்று, “நான்தான் சார் ஏத்தினேன்” என்றாள்.

கவனிக்க வேண்டும். ஏற்றியது அவள்தான். அதில் ஓர் எழுத்து பொய் கிடையாது. அப்படிப்பட்ட உண்மைகள்தான் அடிவயிற்றில் பற்றி எரியும். முதலாளி கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டக்காவும் தட்டினாள், கொசு அடிப்பதுபோல.

“அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க” என்று வெளியே வந்ததும் நாத்தனார் கையைப் பிடித்தாள். “அவ்ளோ பேர் நடுவுல என்ன சொல்றதுன்னே தெரியல.”

“இதுல என்னம்மா இருக்கு. வீட்டுப் பேருதானே” என்றாள் தட்டக்கா. அக்காவை அறிந்தவர்கள் இந்த வாக்கியத்தைக் கேட்டால் ஊரைக் காலி செய்திருப்பார்கள். நாத்தனாருக்கு அந்த அறிவு போதவில்லை. அடுத்த வாரமே துணிச்சலோடு பெயர்களில் கை வைத்தாள். ‘ஆறின டீ’ பழுப்பு-06 ஆயிற்று. ‘மழைக்கு முந்தின சாம்பல்’ சாம்பல்-03. பல்வலியை ஊதா-02 என்று மாற்றிவிட்டு, “இப்பதான் அண்ணி ஆபீஸ் மாதிரி இருக்கு” என்றும் சொன்னாள்.

அன்றைக்கு மாலை தட்டக்கா வீட்டில் காய் நறுக்கவில்லை, வெட்டினாள்.

“என்ன ஆச்சு?” என்றார் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

“ஒண்ணுமில்லீங்க. உங்க தங்கச்சிக்கு நேரம் நல்லா இல்ல.”

“ஜோசியமா?”

“இல்ல. தீர்மானம்.”

கணவர் செய்தித்தாளை உயர்த்தித் தம் முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த வீட்டில் செய்தித்தாள் வாங்குவதே அதற்காகத்தான்.

சந்தர்ப்பம் மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அதுவும் எதிரி தன் கையாலேயே தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள். “இவ்வளவு நிறம் எதுக்கு, கொஞ்சம் சுருக்க முடியாதா?” என்று முதலாளி சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கிறார். நாத்தனார் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டாள். புதிய பதிப்பில் ‘ஒத்த நிறங்களை ஒன்றாக்கு’ என்று ஒரு வசதி உண்டு. பக்கத்தில் ஒரு குமிழ், ‘கொஞ்சம்’ என்பதிலிருந்து ‘நிறைய’ வரை நகர்த்தலாம். சுறுசுறுப்பான பெண்மணி, நிறையவே நகர்த்திவிட்டாள். முன்னூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் மாறும், சம்மதமா என்று மென்பொருள் பவ்யமாகக் கேட்டது. எதையும் படிக்காமல் சம்மதிப்பது அவள் பிறவிக் குணம். அறுபத்துநான்கு நாற்பத்தொன்று ஆயிற்று.

பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு எல்லோர் திரையிலும் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது. தட்டு மாறியிருக்கிறது, ஏற்கிறீர்களா? மற்றவர்கள் எதையும் எண்ணிப் பார்க்காமல் ஏற்றார்கள். தட்டக்கா எண்ணினாள். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினாள். போட்டியின்றி வெற்றி பெற்ற வேட்பாளரைப்போலப் புன்னகைத்து, அவளும் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்தினாள்.

இனி அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். அதுதான் அதன் அழகு. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்த வாரக் கோப்புகள் எல்லாம் அச்சகத்துக்குப் போகும். திங்கட்கிழமை அச்சடித்து வரும். சாக்லேட் பிஸ்கட்டும் காப்பி பிஸ்கட்டும் ஒரே பழுப்பு உறையில் இரட்டைப் பிள்ளைகளாக வந்து இறங்கும். கறுப்பு பாலிஷும் கரும்பழுப்பு பாலிஷும் ஒரே டப்பா நிறத்தில் நிற்கும். பழுப்புச் செருப்பில் கறுப்பைத் தேய்த்துக்கொண்ட யாரோ ஒரு புண்ணியவான் கடைக்காரரை உலுக்க, கடைக்காரர் கம்பெனியை உலுக்க, கம்பெனி முதலாளியை உலுக்க, முதலாளி, “யாரும்மா இதைப் பண்ணினது?” என்று அதே குரலில் கேட்பார். அப்போது தட்டக்கா எழுந்திருப்பாள். பதினோரு வருடத்து மாதிரித் தாள்களைத் தேதி வாரியாக மேசைமேல் பரப்புவாள். “ஏத்தினவங்கதான் சார் பண்ணியிருக்கணும்” என்பாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் ருசி கெட்டுவிடும்.

அந்த ஒரு வாக்கியத்தை அவள் புதன், வியாழன் இரண்டு நாளும் பீரோக் கண்ணாடிமுன் ஒத்திகை பார்த்தாள். ‘ஏத்தினவங்க’ என்ற இடத்தில் புருவத்தை உயர்த்துவதா வேண்டாமா என்பதில் மட்டும் குழப்பம் இருந்தது. திங்கட்கிழமை உடுத்த வேண்டியதை இஸ்திரி போட்டு மாட்டியும் வைத்தாள்.

நாத்தனாரும் அந்த நாட்களில் அன்பைப் பொழிந்தாள். “அண்ணி, முகத்துல ஒரு களை வந்திருக்கே!”

“பல்லு சரியாயிடுச்சு இல்லம்மா. எதையும் கடிக்கலாம் இப்ப.”

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்குத் தட்டக்கா ஒரு சபலத்துக்கு ஆளானாள். வரப்போகும் விருந்தைப் பரிமாறும் முன்பே மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கும் சபலம். ஒன்றாக்கப்பட்ட நிறங்கள் எந்தெந்தக் கோப்புகளில் இருக்கின்றன என்ற பட்டியலைத் திறந்து, நிதானமாகப் படிக்கத் தொடங்கினாள். பிஸ்கட். ஆஹா. பாலிஷ். ஆஹா. மெழுகுவத்தி, தலைவலித் தைலம், பள்ளிக்கூட நோட்டு அட்டை. ஒவ்வொரு வரிக்கும் உள்ளுக்குள் ஒரு குலவை. தொண்ணூற்று மூன்றாவது வரியில் அது பாதியில் நின்றது.

இதய மாத்திரைப் பெட்டி, ஐந்து. அடுத்த வரி: இதய மாத்திரைப் பெட்டி, பத்து.

அந்த இரண்டு பெட்டிகளும் அளவில் ஒன்று, எழுத்தில் ஒன்று. எண்ணை விட்டால், நடுவில் ஓடும் பட்டை மட்டும்தான் வேறு. குறைந்த வீரியத்துக்குப் பச்சை, இரட்டை வீரியத்துக்கு நீலம். நாலு வருடத்துக்கு முன்னால் அவளேதான் அந்தப் பச்சைக்குக் ‘குளத்துத் தண்ணி’ என்றும் நீலத்துக்குத் ‘தண்ணித் தொட்டி’ என்றும் பெயர் வைத்தாள். பச்சையில் கொஞ்சம் நீலமும் நீலத்தில் கொஞ்சம் பச்சையும் உண்டு, மருந்துக் கம்பெனி அப்படித்தான் கேட்டது. இப்போது இரண்டுமே நீலப்பச்சை-02. தனித்தனிக் கோப்பு என்பதால் தனித்தனியாகத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எழுத்துப் பிழை பார்ப்பவர் எழுத்தைப் பார்ப்பார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் காரணமில்லை.

‘அதான் ஐந்து, பத்துன்னு எண் போட்டிருக்கே, படிச்சுக்கட்டும்’ என்று தட்டக்கா தனக்குள் வாதாடினாள். வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடிக்கடைக்காரர் மனைவிக்கு அது செல்லுபடியாகாது. வாரத்துக்கு நாலு பேர் கடைக்கு வந்து, “இந்த டப்பால என்ன போட்டிருக்குன்னே தெரியலீங்க, நிறத்தை வச்சுத்தான் எடுத்துப் போட்டுக்கறேன்” என்று சொல்வதை இரவுச் சாப்பாட்டில் கேட்டுக் கேட்டுச் சலித்தவள் அவள்.

மணி மூன்று நாற்பது. தட்டக்கா புத்திசாலி. பழிவாங்கலையும் காப்பாற்றி, நோயாளிகளையும் காப்பாற்ற ஒரு வழி பார்த்தாள். அந்த இரண்டு நிறத்தை மட்டும் மீட்டால் போதும், மீதி நிறமெல்லாம் நாசமாய்ப் போகட்டும். மென்பொருள் மறுத்தது. ஒன்றாக்கிய நிறம் ஒன்றாக்கியதுதான். அறுந்த தொப்புள்கொடியைத் தனித்தனியாக ஒட்ட முடியாது, முழுத் தட்டையும் பழைய பதிப்புக்குத் திருப்பினால்தான் எல்லாம் தத்தம் இடத்துக்குப் போகும். பாலிஷ், பிஸ்கட், தைலம், மெழுகுவத்தி, அத்தனையும் பிழைத்துவிடும். நாத்தனாரும்.

சரி, இப்போதே முதலாளியிடம் போய்ப் போட்டு உடைத்துவிடலாம். திங்கட்கிழமை நாடகம் இல்லாவிட்டாலும் ஒரு சின்ன ஓரங்க நாடகமாவது மிஞ்சும். அதற்கும் எழுந்தாள். எழுந்தவள் பட்டியலின் அடியில் இருந்த ஒரு வரியைப் பார்த்து அப்படியே உட்கார்ந்தாள். மாற்றத்தை ஏற்றவர்கள், ஏற்ற நேரத்தோடு. தட்டின் காப்பாளர் என்ற அடைமொழியோடு முதலில் நின்றது அவள் பெயர். செவ்வாய், பத்து பதினாலு.

ஆக, செவ்வாய்க்கிழமையே எண்ணியவள், வெள்ளிக்கிழமைவரை வாயைத் திறக்காதவள், பல் சரியாகியும் பேசாதவள் ஒருத்தி அந்த அலுவலகத்தில் இருந்தாள். நாத்தனார் படிக்காமல் அழுத்தினாள். தட்டக்கா படித்துவிட்டு அழுத்தினாள். எது பெரிய குற்றம் என்று யாரும் கேட்காமலே அவளுக்குத் தெரிந்தது. மூன்று நாளாக அந்த மாத்திரை நினைப்பே வராமல் புருவத்தை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டாள்.

திருப்பும் அதிகாரம் அவளுக்கு இன்னும் இருந்தது. அதை எப்படிப் பிடுங்குவது என்று யாருக்கும் தெரியாததால் பிடுங்கவில்லை. பழைய பதிப்புகள் இரண்டு இருந்தன. முதலாவதில் அறுபத்துநான்கும் அவள் வைத்த பெயர்களோடு, ஆறின டீயும் சைக்கிள் சீட்டுமாக. இரண்டாவதில் அதே அறுபத்துநான்கும் நாத்தனார் இட்ட நம்பர்களோடு. விரல் முதலாவதற்குத்தான் போயிற்று. போன விரல் அந்தரத்தில் நின்றது. அச்சகத்துக்கு மை கலக்கச் சீட்டு திங்கட்கிழமையே போய்விட்டது, அதில் எல்லாம் புதுப் பெயர். கோப்பில் ‘ஆறின டீ’ என்றும் சீட்டில் ‘பழுப்பு-06’ என்றும் இருந்தால், ஐந்து மணி அவசரத்தில் எவராவது எதையாவது கலந்து வைப்பார்கள்.

தட்டக்கா இரண்டாவதை அழுத்தினாள்.

வெளியிடும் முன் ஒரு குறிப்பு எழுத இடம் வந்தது. எல்லோர் திரையிலும் தெரியும். ‘சிலருடைய அசட்டுத்தனத்தால்’ என்று தொடங்கி நாலு வரி, நன்றாகவே வந்தது, ஒற்றைப் பிழை இல்லாமல். படித்துப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் வந்து அழித்தாள். வெற்றுக் குறிப்போடு வெளியிட்டாள். மணி நாலேகால்.

நாலு இருபதுக்கு நாத்தனார் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது, தட்டில் இல்லாத ஒரு சிவப்பில்.

“அண்ணி, என் தட்டை யாரோ கலைச்சிருக்காங்க! நாப்பத்தொண்ணா அழகா வச்சிருந்தேன், திரும்பவும் அறுபத்துநாலா நிக்குது. சார்கிட்ட சொல்லப்போறேன். மறுபடி ஒண்ணாக்கிட்டுத்தான் ஃபைல் அனுப்புவேன்.”

“உக்காரு.”

“நேரமில்ல அண்ணி!”

“உக்காருன்னேன்.”

தட்டக்கா தன் கணினியில் செவ்வாய்க்கிழமைத் தட்டோடு இன்னும் புதுப்பிக்காமல் வைத்திருந்த இரண்டு மாத்திரைப் பெட்டிகளையும் திறந்து, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நிறுத்தினாள். நாத்தனார் பார்த்தாள். “ஒரே ஃபைலை ரெண்டு தடவை திறந்திருக்கீங்க” என்றாள். பிறகு எண்களைப் படித்தாள். இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது. அதன் பிறகு அவள் சிவப்பு மெல்ல மெல்ல இறங்கி, காகிதம்போல வெளுத்தது.

“இது… நான் அந்தக் குமிழை… ஐயோ அண்ணி. எங்க மாமனார் சாப்பிடறதே இந்த மாத்திரைதான்.”

“ம்.”

“நீங்கதான் திருப்பினீங்களா?”

தட்டக்கா மாத்திரைப் பெட்டிகளை மூடினாள்.

“சாருக்குத் தெரியுமா? அண்ணி, சொல்லிட்டீங்களா?” நாத்தனார் முதலாளி அறைப் பக்கம் பார்த்தாள். “நீங்க சொன்னாலும் நான் ஒண்ணும் பேச முடியாது. ஏத்தினேன்னு எழுந்து நின்னவளே நான்தானே.”

கேட்டீர்களா. மூன்று நாளாக இஸ்திரி போட்டு மாட்டியிருந்த வாக்கியத்தை எதிரியே எடுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து முதலாளி, கையில் சாவிக்கொத்தைச் சுழற்றியபடி, அறையிலிருந்து வெளியே வந்தார்.

“என்னம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து மாநாடு? ஃபைல் எல்லாம் சரியா இருக்கா? மாத்திரைக் கம்பெனிக்காரன் ரொம்பக் கண்டிப்பு, தெரியுமில்ல.”

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், பன்னிரண்டு பென்சில்களும் சீவப்படக் காத்திருந்தன.

“அதெல்லாம் சரியா இருக்கு சார்” என்றாள் தட்டக்கா. “அவ பாத்துட்டா. பக்கத்துல பக்கத்துல வச்சே பாத்துட்டா.”

“பேஷ்!” என்று முதலாளி நாத்தனாரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, படியிறங்கிப் போனார்.

தட்டக்கா திரும்பித் தன் திரையில் சாம்பல்-03 என்பதை எடுத்து, நோட்டு அட்டையின் ஓரத்துக்குப் பூசத் தொடங்கினாள்.